நல்ல குடித்தனக்காரங்க

...அதாம்மா எனக்கு ஆத்திரம். என் ஒடம்புல என்னைக் கேக்காம கோடிக்கணக்குல கிருமி குடியிருக்குமாம், நான் வெரட்டக் கூடாதாம். டாக்டர் சொல்றாரு. செருப்பை வெளிய விட்டுடுங்க. அந்த வாளில காலை முக்கிட்டு வாங்க... மருந்துத் தண்ணிதான், ஒண்ணும் பண்ணாது. கொழந்தை காலையும் முக்கிடுங்க. நீங்க கீர்த்தி, இவன் பிரணவ், போன்ல சொன்னீங்களே. நான்தான் காஸ்பர், ஹவுஸ் ஓனர். மேல நான், கீழ இந்தப் போர்ஷன். மந்தவெளி ஸ்டேஷன் நடந்து போற தூரம்.

இது ஹால். காத்து நல்லா வரும். வயித்துல ஒரு கூட்டமாம், தோல்ல ஒரு கூட்டமாம், அக்குள்ல தனி கோஷ்டியாம்மா. சோறு செரிக்க அதுங்கதான் ஒத்தாசை பண்ணுதாம். எனக்குத் தெரியுமா இதெல்லாம்? ஒரு தும்மல் வந்தாப் போதும், மெடிக்கல் ஷாப்ல நானே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிப் போட்டுக்குவேன். ஜலதோஷத்துக்கு அது கேக்காது சார்னு கடைக்காரன் சொன்னான். அவன் கெடக்கான்னு விட்டுட்டேன். அப்பறம் வயிறு... எப்படிச் சொல்றது... பாத்ரூம் கேட்டீங்களே, இதான். மேல எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு. ஒரு வாரம் நான் அதுலதான் குடியிருந்தேன்.

டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? "நல்ல குடித்தனக்காரங்களைத் தொரத்திட்டா, காலி வீட்டுல கண்டதும் பூந்துக்கும் சார்." ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தவன் நான், எனக்கே பாடம்.

இங்க இருந்த ராகவேந்திரன் தங்கமான மனுஷன்மா. என் கெட்ட நேரம், அவங்க வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் படிக்கட்டுக் கைப்பிடியத் தொட்டாங்க. தொட்டவங்க கையில எல்லாம் ஸ்ப்ரே அடிச்சேன். அவங்கம்மா ஆசையா வடை குடுத்தாங்க. வடை மேலயும் அடிச்சேன். அவ்ளோதான், காலி பண்ணிட்டாங்க. என் வீட்டுக்காரி கிளாடிஸ் இருக்காளே, "கீழ ஒரு சத்தம் கேட்டாத்தான் இந்த வீட்டுக்கு வருவேன்"னு சொல்லிட்டு அடையாறுல பொண்ணு வீட்ல போய் ஒக்காந்துட்டா. தனியா இருக்க முடியலம்மா, நெஜமா. தயிர் சோத்தைப் பெசஞ்சு வெச்சிக்கினு செவுத்தைப் பாத்துக்கினு இருக்கேன். நீங்க இந்த வாரமே வந்துட்டா...

அய்யய்ய, கொழந்தை தரையில தவழுறான். அந்தக் கையை வாயில வெக்கிறான் பாருங்க. கைய நீட்டுடா கண்ணா, தாத்தா லேசா ரெண்டு தடவ...

ஏம்மா தூக்கிட்டீங்க? கொழந்தைங்களுக்குன்னு வர்ற ஸ்ப்ரேதாம்மா இது. பெட்ரூமை இன்னும் பாக்கலியே... சரி, ஸ்ப்ரே வேணாம். வாளியையும் எடுத்துடறேன். அவன் எங்க வேணாத் தவழட்டும், எதை வேணா நக்கட்டும்... ஏம்மா, செருப்பையாவது போட்டுக்கினு போங்க...

போயிட்டாங்க.

அலோ... கிளாடிஸா? ம், வந்தாங்க, வந்தாங்க. புடிச்சிருக்குன்னு... ஆமா, வந்தே சேந்துட்டாங்க. கீழதான் நிக்கிறேன். சத்தம் கேக்கலியா உனக்கு? இரு, போனை சமையல்கட்டுப் பக்கம் காட்டுறேன்... டப்பா உருளுது பாரு, கேட்டுச்சா?

பெருச்சாளியா? சேச்சே. குடித்தனக்காரங்கதான்டி.