எழவு வீட்டுப் படக்காரன்

பண்டாரவளையில் ரயில் கோச்சி ஏறியதும் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். எதிரே இருந்த அம்மாள் விடவில்லை.

“பொணத்தைப் படம் புடிச்சவன் எம்மக கல்யாணத்துக்கு வேணாங்க!”

தலைப்பாகை கட்டிய கங்காணி, அவள் புருஷன், பல்லைக் கடித்தார்.

“எங்கப்பா செத்தப்ப அவன்தானே புடிச்சான்? முகம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு!”

“செத்தவரு ஆடாம அசையாம கெடந்தாரு, விழுந்துச்சு. ஒங்க மருமகன் அப்படி நிப்பாரா?”

“அப்ப அந்தப் பதுளைப் படக்காரனைக் கூப்புடவா?”

“அவன் தோட்டத்துக்கு மலையேறி வரமாட்டானாம். பொண்ணு மாப்பிள்ளைய அவன் கடைக்குக் கூட்டியாரணுமாம். தாலி கட்டின கையோட பதுளைக்கு வண்டி கட்டச் சொல்றீங்களா?”

“எவனைச் சொன்னாலும் நொட்டை சொல்ற. படமே வேணாம், போ!”

அப்புத்தளை வரை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“வேணாம்னா எப்படி? அத்தனை தூரம் மடுல்சீமைக்குக் கட்டிக் குடுத்துட்டா, அவ முகத்தை நான் இனி எப்பப் பாக்கப்போறேன்? அந்த எழவு வீட்டுக்காரனையே வரச் சொல்லுங்க.”

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

“தலை முழுகிட்டு வரச் சொல்லுங்க!”