டீச்சரின் ஆபரேஷன் தள்ளிப்போன விதம்

என் காரில் ஏறியவர்கள் யாரும் இதுவரை பிரேக் சத்தம் கேட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் எனக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை. வண்டி வசதி இல்லாத வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் இலவசமாக அழைத்துப்போய்க் கூட்டிவரும் சங்கத்தில் நான்கு வருடமாகத் தொண்டர். கார் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, பொறுமையும் என்னுடையது. எங்கள் தலைவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மைக் கிடைத்தால் நிறுத்தவும் தெரியாது. ஆண்டு விழாவில் எங்களை 'மானுடத்தின் சக்கரங்கள்' என்று முக்கால் மணி நேரம் புகழ்ந்தார். சக்கரங்கள் எல்லாம் பின்வரிசையில் காற்றுப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தன.

டீச்சரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். வருகிறேன்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது, தனி ஆள். ஒரு கண் சிறு வயதிலேயே போய்விட்டது. இருந்த ஒன்றிலும் புரை. செவ்வாய்க்கிழமை மூட்டுவலிப் பயிற்சி, வெள்ளிக்கிழமை மளிகை. இரண்டுக்கும் நான்தான். பின் இருக்கையில் உட்காரவே மாட்டார். "பின்னாடி உக்காந்தா நான் முதலாளி ஆயிடுவேன் தம்பி. அப்புறம் உங்களைத் திட்டணும்" என்பார்.

அவர் காது கொடுத்துக் கேட்பார். அதுதான் விசேஷம். வீட்டில் நான் வாயைத் திறந்தால் என் மனைவிக்கு உடனே மிக்ஸி ஓட்டும் வேலை வந்துவிடும். மகள், "அப்பா, இதைப் போன வாரமே சொல்லிட்டீங்க" என்பாள். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஊரார் புலம்பலைக் கேட்டவன் நான். எனக்கென்று ஒரு ஜோடிக் காது வேண்டாமா? மேலதிகாரியை ஒரே குறிப்பில் மடக்கிய கதையை டீச்சருக்குப் பதினொரு பயணங்களில் சொன்னேன். ஒரு கொட்டாவி கிடையாது. ஒருநாள் மட்டும், "எல்லாக் கதையிலயும் நீங்களே சரியா இருக்கீங்களே தம்பி. எப்பவாவது ஒரு தப்பும் பண்ணுங்க, கேக்க ருசியா இருக்கும்" என்றார். நல்ல நகைச்சுவை உணர்வு.

ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்கக் கூட்டிப்போனதே நான்தான். படிவத்தில் செல்போன் எண் கேட்டார்கள். மெசேஜ் படிக்கிற அளவுக்கு டீச்சருக்குக் கண் இல்லை. என் எண்ணைக் கொடுத்தேன். இதைச் சேவை என்பார்கள்.

"சின்ன வேலைம்மா. அப்புறம் யார் தயவும் இல்லாம பஸ்லயே போகலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "ஜன்னலோரமா உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும் தம்பி. பக்கத்துல யாரும் பேசாம."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்று வீடு வரைக்கும் நான் பேசாமல் வந்ததற்குக் காரணம், தொண்டை சரியில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. தானாகப் போய்வர முடிந்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். விதியைப் போட்டது நான் அல்ல.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு மெசேஜ் வந்தது. வருவதாக இருந்தால் ஒன்று, வேறு தேதி வேண்டுமானால் இரண்டு என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தத் தேதியில் வேறொருவரை அழைத்துப்போகச் சங்கத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். டீச்சரைக் கூட்டிப்போக, புதிதாகச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். புதுக் கார், காருக்குள் சென்ட், வாய்க்குள் மேற்கோள். கட்டுப்போட்ட கண்ணோடு ஒருவரை அவரிடம் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு என்று அனுப்பினேன். கட்டைவிரல் வேலை.

"டாக்டர் ஊர்ல இல்லையாம் டீச்சர்."

"பாவம், அவருக்கும் நாலு ஜோலி இருக்கும்" என்றார்.

ஆறு வாரம் கழித்து அடுத்த தேதி. அதற்கும் இரண்டு. அப்போது மழை, ரோடு மோசம். மூன்றாவது முறைக்கான காரணம் ஞாபகம் இல்லை. இருந்திருக்கும். காரணம் இல்லாமல் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

நான்காவது முறை, "நானே போன் போட்டுக் கேக்கட்டுமா தம்பி?" என்றார்.

"விசாரிச்சுட்டேன் டீச்சர். மெஷின் ரிப்பேராம்."

"அது பிழைக்குமா, இல்ல எனக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பயணம் அது.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" தம்பி என்றேன். "புரை முத்திப்போச்சு சார். இனிமேலும் தள்ளிப்போட்டா கண்ணுல அழுத்தம் ஏறிடும், பார்வையே போயிடும். இருக்கிறதே ஒரு கண்ணு. அக்காகிட்ட சொல்லுங்க."

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அன்று கதை நல்ல கட்டத்தில் இருந்தது. நடுவில் ஆஸ்பத்திரிப் பேச்சை நுழைக்க மனம் வரவில்லை. ஐந்தாவது மெசேஜுக்கும் இரண்டு.

சில வாரத்தில் டீச்சருக்கு நெற்றி ஒரு பக்கமாக வலித்தது. வண்டியை நிறுத்தி, மாத்திரை வாங்கி, தண்ணீர் பாட்டிலையும் திறந்து கையில் கொடுத்தேன். பெற்ற பிள்ளைகூடச் செய்யாது. அடுத்த செவ்வாய்க்கிழமை கார்க் கதவைத் தேடிய அவர் கை ஹெட்லைட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு மேகமா இருக்கா தம்பி?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "லேசா இருக்கு டீச்சர்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாதி வழியில், "பயிற்சி வேணாம். கண்ணாஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். விட்டேன். கேட்ட இடத்துக்கு விடுவதுதானே என் வேலை.

கண் நரம்பு செத்துவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார் டாக்டர். நர்ஸ் ஃபைலைப் புரட்டி, "அஞ்சு தடவை மெசேஜ் அனுப்பி நீங்கதானேம்மா தேதி மாத்துனீங்க?" என்றார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். சரியாக என் பக்கம் என்று சொல்ல முடியாது. எனக்கு இடப்புறம் இருந்த எடை பார்க்கும் மெஷினின் பக்கம். "மெசேஜ் உங்க போனுக்குத்தானே வரும் தம்பி?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் நர்ஸிடம் ஒரு டாக்சி கூப்பிடச் சொன்னார். நான் வாசலில் வண்டியோடு நிற்கும்போது டாக்சி. வீண் செலவு.

ஆக, ஐந்து முறையும் அனுப்பியது நான்தான். நடக்கப்போவது தெரிந்துதான் கடைசி முறை அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'கெடுக்கும் நோக்கத்துடன்' என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நோக்கமெல்லாம் பெரிய வார்த்தை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு டீச்சரையும் இங்கே வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறீர்களாம். இப்போது அவரால் தனியாக வாசற்படி இறங்க முடியாது. யாராவது போய்த்தான் கூட்டிவர வேண்டும். என் கார் சாவி உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குக் கொடுத்தால் போதும், பத்தரைக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.