கரடிப்பாறை வழி

வைகாசியில் ஏரி நாணலை வெட்டக் கூடாது. பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். ஆனால் நீர்க்கோழிகள் அதற்குள்தான் முட்டையிடும். பதினோரு வருடமாக முதலாளியிடம் இதைச் சொல்லி வந்தேன். சில வருடம் கேட்டார், சில வருடம் கேட்கவில்லை.

பெயரிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். பிரிட்டோ. வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் நைனார்பாளையம். கல்வராயன் மலையில் ஏரிக்கரை விடுதி ஒன்று இருக்கிறதே, அதைச் சேர்ந்த பன்னிரண்டு ஏக்கர் காட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவி ரீத்தா இறந்த வருடம் மேலே ஏறினேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும்தான் கீழே இறங்குவேன்.

வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காட்டை மூடிப் படரும் உன்னிச்செடியை வேரோடு பிடுங்குவேன். கோடையில் தீ தாண்டாமல் இருக்கச் சருகைக் கூட்டி அகலமாகக் கோடு போடுவேன். விருந்தாளிகள் வீசிவிட்டுப் போகும் பாட்டில்களைப் பொறுக்குவேன். ஒருமுறை தூண்டில் நரம்பு சுற்றிக் கால் அழுகிப்போன நீர்க்காகத்தை இருபது நாள் என் அறையில் வைத்திருந்தேன். அது பறந்துபோன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மாதம் கரடிப்பாறை இடுக்கில் ஒரு தாய்க்கரடியைப் பார்த்தேன். பெயர் கரடிப்பாறைதான், ஆனால் நான் வந்த பிறகு அங்கே கரடி தங்கியதில்லை. முதுகில் இரண்டு குட்டிகள் மயிரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் எட்ட நின்று பார்த்துவிட்டு வருவேன். பெரிய குட்டி சின்னதைத் தள்ளிவிடும். தாய் நின்று, சின்னது மறுபடி ஏறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் நடக்கும்.

சித்திரையில் முதலாளி ராஜேஷ்குமார் சேலத்திலிருந்து வந்தார். பாறையைச் சுற்றியுள்ள புதரை வழித்துவிட்டுக் கூடாரம் போடப்போவதாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் கரடி குட்டி போட்டிருப்பதைச் சொன்னேன்.

"அட, அத மொதல்லயே சொல்றதில்லையா பிரிட்டோ? கரடி பாக்கலாம்னா ஜாஸ்தி ஆளு வருவாங்க. பலாப்பழம் வெச்சுப் பழக்கு. மாடியில நின்னாத் தெரியணும்."

சரிங்க என்றேன். வேலைக்காரன் வேறு என்ன சொல்ல முடியும்.

தைலம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். பாறைக்கு அப்பால் உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவள். புருஷன் சின்னப்பையன் சாமை போடுகிறவர். மகள் சந்திரலேகா கள்ளக்குறிச்சியில் கல்லூரி படித்தாள். தைலம்மாள் விடுதியில் அறைகளைப் பெருக்குவாள். விடிந்ததும் பாறை ஓரத்து ஒற்றையடிப் பாதையில் வருவாள். கையில் காலி எண்ணெய் டின் இருக்கும். அதைக் குச்சியால் தட்டிக்கொண்டே வருவாள். சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிப் போய்விடும், அந்த மலைக்காரர்களுக்கு இது தெரியும். குட்டிகளின் தடத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாதையையே விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றி வர ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் கூடுதல் நடை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பாறப் பக்கம் இப்ப வரலாமா? ரோட்ட சுத்திக்கினு வந்து முட்டி வீங்கிப்போச்சு."

"வாம்மா. அது குட்டிங்கள இட்டுக்கினு மேல போயிடுச்சு. தடம் பாத்தேன்."

"டின்னு தட்டிக்கினு வந்துடறேன்."

"அது வேணாம்மா. கெஸ்ட்டு தூங்கறாங்க, முதலாளி சத்தம் போடறாரு."

"சரிண்ணே. நீ பாத்துட்ட, அப்பறம் இன்னா பயம்?"

மறுநாள் விடியற்காலை ஓர் அலறல் கேட்டது. ஒரே ஓர் அலறல்தான். நான் ஓடிப்போய்த் தகரத்தை அடித்துக் கரடியை விரட்டினேன். அவளை நான்தான் தூக்கி வந்தேன், முகத்தில் என் துண்டைப் போட்டு மூடி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடிருந்தாள். இரண்டு நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். முகத்தில் போட்டிருந்த கட்டுக்குள்ளிருந்து சின்னப்பையனிடம் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் மேல தப்பில்லன்னு சொல்லுது. அதுதான் பாக்காம வந்துடுச்சாம். அண்ணன யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதாம்."

யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இத்தனை மாதம் ஆகிவிட்டது.

நான் தடம் எதுவும் பார்க்கவில்லை. கரடி எங்கும் போகவில்லை. அவளிடம் பேசுவதற்கு அரை மணிக்கு முன்னால்தான் பாறையடியில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் போன பிறகு பலாப்பழத்தைப் பிளந்து எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி சொன்ன இடத்தில் வைக்கவில்லை. ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தில், எதிரே வருகிறவர்களுக்குத் தெரியாதபடி புதருக்குப் பின்னால் வைத்தேன்.

அதற்கு முன் ஒன்பது நாள் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஆள் மேல் கரடி பாய்ந்தால் விடுதியை மூடிவிடுவார்கள், காடு காடாகவே கிடக்கும் என்பது என் கணிப்பு. விருந்தாளிகளை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் குழந்தைகளோடு வருகிறார்கள், மனசு ஒப்பவில்லை. தைலம்மாளுக்கு மகள் வளர்ந்துவிட்டாள். ஒரு கீறலோடு போய்விடும் என்றும் நினைத்தேன். குட்டி வைத்திருக்கும் கரடி கீறலோடு விடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டேன்.

விடுதியை இருபது நாள் மூடினார்கள். அவ்வளவுதான். வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்துத் தாயையும் பெரிய குட்டியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சின்னது மிரண்டு ஓடிவிட்டது. மூன்றாம் நாள் நாய்கள் கிழித்துப் போட்டிருந்ததை நான்தான் எடுத்துப் புதைத்தேன். அப்போது உட்கார்ந்து அழுதேன். தைலம்மாளைப் புதைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மண் தள்ளும் வேலை இருந்ததால் இருக்கலாம். பாதுகாப்புக்கு என்று சொல்லி முதலாளி பாறையைச் சுற்றியிருந்த புதரை முழுக்க வழித்துவிட்டார். இப்போது அங்கே எட்டுக் கூடாரங்கள் நிற்கின்றன.

கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சந்திரலேகா படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் வேலைக்கு வந்தாள். போன வாரம் துடைப்பத்தோடு என் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, எங்கம்மா டின்னு இல்லாம அந்தப் பக்கம் வராது. அன்னிக்கு டின்னு வூட்லயே கெடந்துச்சு. ஏன் மாமா?"

மறந்திருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அவள் அம்மாவைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"நாந்தாம்மா வேணான்னேன்" என்றேன். அப்புறம் மற்றதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "நாங்க இன்னா மாமா பண்ணோம்?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சுற்று ரோட்டில் நடந்து போய்விட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. நான் பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

தைலம்மாளைக் கொன்றது நான். இதை எந்தச் சந்தேகமும் வராதபடி எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதில் எனக்கு ஒரு நகல் வேண்டும். தாய்க்கரடியின் கூண்டில் ஆள் கொல்லி என்று எழுதி மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய் என்று உங்கள் முத்திரையோடு ஒரு தாள் இருந்தால், தாயையும் குட்டியையும் மறுபடி மலையில் விடச் சொல்லிக் கேட்கலாம். தைலம்மாளுக்கும் இதில் சம்மதமாகத்தான் இருக்கும். நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததே இல்லை.