ஏ.எஃப். பேனர்

கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, சார். அரூரில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து யார் மனமும் கோணும்படி நடந்ததில்லை. இப்போது கல்யாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டேன். கேமராவைத் தூக்கினால், முகத்தைத் தேடுகிற அந்தச் சின்னச் சதுரம் மாப்பிள்ளை மேல் நிற்காமல் பக்கத்தில் வெறும் இடத்தில் போய் நிற்கிறது. அங்கே யாரும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சதுரத்துக்கு எங்கள் தொழிலில் ஏ.எஃப். என்று பெயர், ஆட்டோ ஃபோகஸ். என் மகன் குருவும் அவன் கூட்டாளிகளும் பைக்கில் ஒட்டிக்கொண்டு திரிந்த ஏ.எஃப். வேறு. அது அரூர் ஃபைட்டர்ஸ். பூவரசன் என்று ஒரு பையன், அவன் கிடார் பையில் எழுதியிருந்தது மூன்றாவது. 'ஆங்ரி ஃபிராக்ஸ்', கோபக்காரத் தவளைகள். கல்லூரிப் பையன்கள் சேர்ந்து வைத்திருந்த ராக் பேண்டு. பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தத்தை உண்டாக்கியவன் நான்.

குரு தொப்பூரில் ஒரு பையனைக் கத்தியால் கிழித்துவிட்டு வந்தான். கர்ச்சீப்பால் முகத்தை மூடியிருந்தான். அதனால் அந்த ஊர்ப் பையன்களுக்குத் தெரிந்ததெல்லாம் பைக்கில் இருந்த எழுத்து மட்டும்தான். முகம் தெரிந்தால் விடமாட்டார்கள். இவனோ மாரியம்மன் பண்டிகை பேனரில் தன் முகத்தைத்தான் பெரிதாக, முன்னால் போட வேண்டும் என்றான். இந்தப் பையன்களிடம் அப்படி ஒரு வழக்கம். வெட்டியவன் யாரோ, அவனுக்குத்தான் பேனரில் பெரிய முகம்.

"வேணாம்டா, தேடிக்கிட்டு இருக்கானுங்க" என்றேன்.

"கர்ச்சீப்பு போலீசுக்குப்பா. பேனரு அவனுங்களுக்கு" என்றான்.

எனக்கு ஒரே பிள்ளை. அவன் அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்தவன். பிரிண்டிங் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி நாளைக் கடத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் பூவரசன் பேண்டுக்காகப் படம் எடுக்க வந்தான். நல்ல பையன். "சிரிக்காதப்பா, ராக்னா மொறைக்கணும்" என்றேன். "எனக்கு மொறைக்க வரலீங்க அங்கிள்" என்று மறுபடியும் சிரித்தான். பொறுமையாக எடுத்தேன். கடைசியில் நன்றாகவே முறைத்தான். தொப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாசிக்கப் போவதாகச் சொன்னான்.

பேனர் ஒன்று அடித்தேன். மேலே ஏ.எஃப்., கீழே அந்த முறைத்த முகம், பெரிதாக. ஒரு முகத்தை மாற்றினேன், அவ்வளவுதான். பூவரசனை வெட்டிக் கொன்ற தொப்பூர்ப் பையன்கள் உங்கள் லாக்கப்பில்தான் இருக்கிறார்கள். நான் கத்தியைத் தொட்டதில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவன் அம்மா மணிமேகலை என்னிடம்தான் வந்தது. சிரித்த படமாகத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். "எம் புள்ள உசுரோட நிக்கிறாப்ல இருக்குதுங்க" என்று அழுதது. நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அதற்குப் பிறகு குருவைப் படம் எடுத்துப் பார்த்தேன். சதுரம் அவன் முகத்தில் நிற்கவே இல்லை, அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

அந்தப் பேனரை அரூரில் யாருமே பார்க்கவில்லையே என்று நேற்று கேட்டீர்கள். அரூரில் கட்டவில்லை, சார். தொப்பூரில், அந்தப் பையன்கள் தினமும் வந்து உட்காரும் பரோட்டாக் கடைக்கு எதிரே, லாரிகள் நிற்கிற இடத்தில் நானே போய்க் கட்டினேன்.

என் போனைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் பூவரசன் அந்தப் பேனருக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். "அங்கிள், எங்க பேண்டுக்குப் பேனர் வச்சிருக்கீங்க, சொல்லவே இல்லீங்களே. ரொம்ப தேங்க்ஸுங்க" என்று எழுதியிருந்தான். உடனே அங்கிருந்து கிளம்பு என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

எதிர்க் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போப்பா என்று பதில் போட்டேன். பையன் பசியோடு இருப்பானே என்றுதான், சார். அந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும்.