கதையில் அந்த அப்பா எங்கே போனார்?

திருச்செங்கோடு பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு லாரி டிரைவரும் எட்டு வயது மகளும். மனைவி இறந்த அவருக்கு நாளை மறுமணம் என்பது பேச்சில் தெரிந்தது. செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் எடுத்த கூறைப்புடவைப் பொட்டலம் சிறுமியின் மடியில் இருந்தது.

"ஏனுங்கப்பா, டீச்சர் சொன்ன கதையில அம்மா செத்தப்புறம் வந்த சின்னம்மா அந்தப் புள்ளைய அடுப்படியிலயே போட்டுட்டாங்களே, அப்ப அவங்கப்பா எங்கீங்க போனாரு?"

"லாரி ஓட்டப் போயிருப்பாரு சாமி," என்று சிரித்தார்.

"உங்களாட்டங்களா?"

"ஆமா, என்னாட்டத்தான்."

"நீங்க எப்ப போறீங்க?"

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு. நாக்பூர் லோடு. அங்கிருந்து வேற லோடு ஏத்திப் போயிட்டுத் திரும்பி வர ஒரு மாசம் ஆகும்."

"அப்ப நானும் லாரியில வாரனுங்கப்பா."

அவர் சிரிப்பு நின்றது. பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.