ஷட்டரில் வரைந்த மூக்கு

"ஹலோ... ஹலோ... டெய்லர், கேக்குதா?... ஆமா, நான்தான். உயிரோடதான் பேசுறேன்... கால்தான் போச்சு, வாய் போகல... ஆமா, ஆமா, மாவுக்கட்டு. தொடையில இருந்து பாதம் வரைக்கும். உள்ள கம்பி வேற வெச்சிருக்காங்களாம்... வலிக்காம என்ன? உயிர் போகுது. அது கிடக்கட்டும். நீ கடையைச் சாத்திட்டு உடனே கிளம்பி வா. போலீஸ்காரர் வர்ற நேரம். நீதான் சாட்சி."

சலூன்காரருக்கு மயக்கம் தெளிந்ததிலிருந்து பேச ஆள் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக் காது மந்தம். மனைவியோ இந்தப் பந்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர். கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் விடியற்காலையில் கடைப் பூட்டைத் திறக்கக் குனிந்தவரைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்துச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பதற்காக அன்று சீக்கிரமே வந்திருந்த பக்கத்துக் கடை டெய்லர்தான் அவரைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடித்தவனைச் சலூன்காரர் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர் எண்ணம்.

"பேரா? பேரை நான் சொல்லணுமாக்கும். உங்க கொம்பன்தான். வேற எவன் இந்த ஊர்ல அந்த நேரத்துக்குக் கண்ணு தெரியாம வண்டி ஓட்டுவான்?... குறுக்க பேசாதே. பார்ல நாற்காலியைத் தூக்கி அடிச்சவன் யாரு? நடுவரைப் பிடிச்சுத் தள்ளினவன் யாரு?... சும்மா இரு. நீயும் வருஷக்கணக்கா சொல்றே, ஆட்டத்தை மட்டும் பாரு, ஆட்டத்தை மட்டும் பாருன்னு. இப்ப பாத்தாச்சு. என் கால்ல வந்து ஆடிட்டான்."

ஊரில் இரண்டு கால்பந்து அணிகள், சிவப்பும் நீலமும். டெய்லர் சிவப்பு, கொம்பன் சிவப்பின் நட்சத்திரம். சலூன்காரர் நீலம். நீலத்தின் நட்சத்திரத்துக்குத் தங்கக்கால் என்று பட்டப்பெயர். சலூனுக்கும் தையல் கடைக்கும் இடையே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதன் இரு பக்கமும் நின்று, ஒருவர் திறமையையும் மற்றவர் குணத்தையும் தூக்கிப்பிடித்துக் கத்தாத நாளே கிடையாது. பாதிச் சவரத்தில் வாடிக்கையாளரைச் சோப்பு நுரையோடு விட்டுவிட்டுச் சண்டைக்குப் போன பெருமையும் சலூன்காரருக்கு உண்டு.

"நீ அவன் ரசிகன்தான், இல்லைங்கல. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல? குணம் இல்லாதவன் நூறு கோல் போட்டு என்ன பிரயோஜனம்? எங்க பையனைப் பாரு. அம்மா கையால சாப்பிட்டுட்டுத்தான் மைதானத்துக்கே வருவான்... டெய்லர்?... என்ன, பேச்சைக் காணோம்?... சொல்லு... சொல்லுய்யா, நான் என்ன நினைக்கப்போறேன்... யாரு?... இல்ல, திரும்பச் சொல்லு... யாரு?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மனைவி பழத்தைப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட எழுந்தார்.

"வலி இல்லடி, நீ உக்காரு... உன்னைச் சொல்லல டெய்லர். நீ நல்லாப் பாத்தியா?... நல்லான்னா, எவ்வளவு நல்லா?... கையெட்டுற தூரத்துலயா... இல்ல, இருட்டா இருந்திருக்கும்... தெருவிளக்கு எரிஞ்சுதா. எல்லா நாளும் எரியாது, அன்னைக்குன்னு பாத்து எரிஞ்சிருக்கு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது குரல் வேறு ஆளுடையதாக இருந்தது, பதமாக, நியாயஸ்தர் மாதிரி.

"இங்க பாரு, தப்பு என் பேர்லயும் இருக்கு. நான் குனிஞ்சுல்ல இருந்தேன்? குனிஞ்சு இருக்கிறவனை மனுஷன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?... நடுரோட்டுல இல்லதான்... ஆமா, ஆமா, கடைப் படியிலதான். படின்னாலும் ரோட்டோரம்தானே?... பயிற்சிக்குக் கிளம்பியிருப்பான். பொழுது விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஓடற பிள்ளை... பாட்டா? கார்ல பாட்டு கேட்டா குத்தமா?... வாடையா? செண்ட் வாடையா இருக்கும்... சரி, இருந்துட்டுப் போகட்டும், சின்ன வயசு. மைதானத்துக்கு வெளிய நடக்கிறது நமக்கு எதுக்குன்னு நீதானே சொல்லுவே?... சொல்லியிருக்கே, சொல்லியிருக்கே. இப்ப மாத்திப் பேசாதே."

மனைவி உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் நிற்கக் கூடாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நின்றால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இடித்தவன் பேரைப் புகாரில் எழுதினால்தான் அந்த ஆறு மாதத்துக்கு யாராவது பதில் சொல்வார்கள்.

"ஞாயித்துக்கிழமை பைனல், டெய்லர். இப்ப நான் பேரைச் சொன்னா அவனை வெளிய உக்கார வெச்சிடுவாங்க. அவன் இல்லாட்டி மத்த பத்துப் பேரும் பந்து பொறுக்கத்தான் லாயக்கு... ஓ, உனக்கு அதானே வேணும்? என் காலை வெச்சு உங்க ஆளுங்க கப்பைத் தூக்கணும்... சரி. சரி, கோவிச்சுக்காதே. நீ இல்லைன்னா நான் இல்ல. உன் சட்டையெல்லாம் ரத்தமாமே, இவ சொன்னா... என்ன, நீயே போய் சொல்றியா? சொல்லு, யாரு நம்புவாங்க? சிவப்புக்காரன் வயித்தெரிச்சல்ல சொல்றான்னு சிரிப்பாங்க. நீலத்துக்காரன் நான் சொன்னாத்தான் எடுபடும். அது உனக்கும் தெரியும்."

அது சலூன்காரருக்கும் தெரிந்திருந்ததுதான் தொல்லை. போர்வை நுனியைத் திருகிக்கொண்டே ஏதாவது ஒரு நல்ல சேதி கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தார்.

"அது சரி, இடிச்சதும் வண்டியை நிறுத்தினானா?... பாத்தியா, நிறுத்தினான்ல. உங்க கொம்பனா இருந்தா நிப்பானா?... இறங்கினானா? குணம்னா அதான்யா... கார் லைட் உடைஞ்சுதான்னு பாத்தானா. புதுக் கார், பாக்கத்தான் செய்வான். அப்புறம்?... ஷட்டரைப் பாத்தானா?"

கடை ஷட்டர் முழுக்கத் தங்கக்காலின் முகம். போன வருஷம் நீலம் ஜெயித்தபோது ஆள் வைத்து வரைந்தது. ராத்திரி கடை மூடினால்தான் அந்த முகம் தெருவுக்குத் தெரியும் என்பதால், சில நாள் சீக்கிரமே மூடிவிடுவார்.

"நின்னு பாத்தானா?... எவ்வளவு நேரம்?... சந்தோஷப்பட்டிருப்பானே. ஏதாவது சொன்னானா?... பரவாயில்ல, சொல்லு... என் மேல ஆணையா சொல்லு டெய்லர், மறைக்காதே."

பதில் சின்னதாகத்தான் இருந்தது. சலூன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து அதை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"மூக்கா?... மூக்கு சரியா வரலைன்னா சொன்னான்?... யார்கிட்ட?... கூட வந்தவன்கிட்டயா... ரெண்டு பேரும் சிரிச்சாங்களா. அப்ப நான் எங்க கிடந்தேன்?... அங்கேயா... அவன் ஷூ பக்கத்துலயா."

கால் உடைந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"அந்த மூக்கை எத்தனை தடவை அழிச்சு வரைய வெச்சேன். நீகூட கேலி பண்ணினே, பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு பாக்கமாட்டான்னு... பெயிண்ட் டப்பாவை நான்தானேய்யா பிடிச்சுக்கிட்டு நின்னேன்... சரி, மூக்கு போகட்டும். என்னைக் குனிஞ்சு பாத்தானா?... ஒரு தடவைகூடவா?... தாண்டித்தான் போனானா... சரி... சரி... இல்ல, அழல. சளி பிடிச்சிருக்கு."

அப்போதுதான் போலீஸ்காரர் உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, இடித்தது யார் என்று தெரியுமா என்றார்.

"டெய்லர், வெக்காதே, லைன்லயே இரு... தெரியும் சார். தங்கக்கால்."

பேனா நின்றுவிட்டது. போலீஸ்காரர் சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள் மணிக்கட்டில் இருந்த நீலப் பட்டையைச் சலூன்காரர் பார்த்துவிட்டார். அரையிருட்டில் ஆளை மாற்றிப் பார்த்திருக்கலாமே என்றார் போலீஸ்காரர். குனிந்திருந்தவர் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்றார். சின்னப் பையன் என்றார். எல்லாம் சற்றுமுன் சலூன்காரர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான். இப்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தன. கடைசியில் குரலைத் தாழ்த்தி, பைனல் முடியட்டும், திங்கட்கிழமை நானே வந்து விவரமாக எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"கேட்டியா டெய்லர்? திங்கக்கிழமை எழுதிக்கலாமாம்... ஆமா, ஆமா, நம்ம ஆளுதான், நீலம்... நீ கத்தாதே, நான் பேசிக்கிறேன்... சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கார் ஓட்டினவனைப் பாத்த சாட்சி லைன்ல இருக்கான், இப்ப வந்துடுவான். பேரை இன்னைக்கே எழுதிடுங்க... இல்ல சார், திங்கக்கிழமை வேண்டாம். என்னை எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை அவன் ரெண்டு கோல் போட்டுட்டான்னா, நானே போய் கார் முன்னாடி படுத்துக்கிட்டேன்னு சொல்லிடுவேன்... வெக்கிறேன் டெய்லர். கையெழுத்துப் போடணும்."