மஞ்சள் மீனுக்குக் கீழாநெல்லி

சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "எங்கூட்டு மீனுக்கு மஞ்சக்காமாலைங்க. கீழாநெல்லி அரைச்சுத் தொட்டியில ஊத்துனேன்."

மடியில் தண்ணீரும் வளர்ப்பு மீன்களுமாக ஒரு பை வைத்திருந்த அவள் திரும்பினாள். "என்ன மீனுங்க?"

"சிக்லிட்னு ஒரு சின்ன ஜாதி அலங்கார மீனுங்க, ஒரு ஜோடி. பெருசு நல்லாத்தான் இருக்குது. சின்னது திடீர்னு மஞ்சளாயிருச்சு. ஒடஞ்ச சட்டிக்குள்ளயே கெடக்குது. பெருசு கிட்ட வந்தா முட்டித் தொரத்துது."

"அது பொட்டைங்க. முட்டையிட்டா அப்படித்தான் மஞ்சளாகும். சட்டிக்குள்ள பார்த்தீங்களா?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளாற செவப்பா, பொடிப்பொடியா ஒட்டியிருந்துச்சுங்க. நோவுதான் சட்டியிலயும் பத்திக்கிச்சுன்னு, காலைல நாருல தேய்ச்சுக் கழுவிட்டேன்."

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னார்: "சின்னது இன்னமும் அந்தச் சட்டியத்தானுங்க காவல் காத்துக்கிட்டு இருக்குது."